மனநல நர்ஸ் பிராக்டிஷனர் போர்டு தேர்வு: எட்டு வாரத்தில் எதை, எப்படிப் படிப்பது?

கார்த்திகைப்பூ

எல்லாருக்கும் வணக்கம். ஏஎன்சிசி (அமெரிக்காவில் நர்ஸ்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு) நடத்தும் பிஎம்ஹெச்என்பி, அதாவது மனநல நர்ஸ் பிராக்டிஷனர் தேர்வுக்கு அனுமதிக் கடிதம் வந்தாச்சு. கையில் 8 வாரம். வாரத்துக்கு மூணு நாள் 12 மணி நேர ஷிப்ட். ஒரு ரிவ்யூ புத்தகமும் ஆயிரத்துச் சொச்சம் கேள்வி உள்ள ஒரு கொஸ்டின் பேங்கும் வச்சிருக்கேன்.

மூணு சந்தேகம். முதல்ல எதைத் தொடுறது? மருந்துகளை எந்த ஆழத்துக்குப் படிக்கணும்? பயிற்சிக் கேள்விகளில் மதிப்பெண் 60 சதவீதத்தைத் தாண்ட மாட்டேங்குது, அது ஏன்?

வடகாற்று

தேர்வின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 175 கேள்வி, மூன்றரை மணி நேரம். மதிப்பெண் 150 கேள்விக்குத்தான். மீதி 25 பின்னால் வரும் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எது எந்த வகை என்று திரையில் தெரியாது. கேள்விக்கு 72 விநாடி கிடைக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது, அதனால் ஒன்றையும் காலியாக விட வேண்டாம்.

500க்கு 350 வந்தால் பாஸ். நூற்றுக்கு எழுபது வாங்கினால் போதும் என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள், அது தவறு. தாளுக்குத் தாள் கடினம் மாறுவதால் சரிசெய்து தரும் மதிப்பெண் அது. கொஸ்டின் பேங்கில் வரும் சதவீதத்தை அதோடு நேராக ஒப்பிட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

ஏஎன்சிசி தளத்தில் தேர்வின் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. பிரிவுவாரியாக எடை போட்டிருக்கும். புத்தகத்தின் பொருளடக்கத்தை மூடிவிட்டு அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு எதையும் படிக்காமலே 50 கலப்புக் கேள்விகளை ஒரு மணி நேரத்தில் போட்டுப் பாருங்கள். எங்கே ஓட்டை என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

வாரப் பங்கீடு என் கணக்கில் இப்படி: முதல் இரண்டு வாரம் மூளை, நரம்புக் கடத்திகள், மருந்துகள். அடுத்த இரண்டு வாரம் நோயறிதல். ஐந்தாவது வாரம் குழந்தைகளும் முதியவர்களும். ஆறாவது வாரம் உளவழிச் சிகிச்சை, சட்டம், அறநெறி. கடைசி இரண்டு வாரம் நேரம் வைத்து முழுத் தாள்கள். லீவு நாளில் 40 கேள்வி, ஷிப்ட் நாளில் 15 போதும். ஷிப்ட் முடிந்து வந்து 100 கேள்வி போடுவதில் பயனில்லை, விளக்கத்தைப் படிக்கத் தெம்பு இருக்காது.

60இல் நிற்பதற்குப் பெரும்பாலும் அறிவுக் குறைவு காரணமாக இருக்காது. பல வருடம் ஆர்என்னாக (பதிவுபெற்ற நர்ஸாக) வேலை பார்த்த கை பழைய பழக்கத்தில் விடையைத் தொடுகிறது. இந்த மாதிரி ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்:

34 வயதுப் பெண், பைபோலார் கோளாறு, லித்தியத்தில் இரண்டு வருடமாகச் சீராக இருக்கிறார். மூட்டு வலிக்கு ஒரு வாரமாகக் கடையில் வாங்கிய ஐபுபுரோஃபன் சாப்பிடுகிறார். இன்று வாந்தி, பேதி, கை பெரிதாக உதறுகிறது, நடை தள்ளாடுகிறது. நீங்கள் முதலில் செய்வது என்ன?
(அ) டாக்டருக்குத் தெரிவிப்பது
(ஆ) லித்தியத்தை நிறுத்தி, உடனே ரத்த அளவும் சிறுநீரகச் செயல்பாடும் பார்ப்பது
(இ) டோஸைப் பாதியாக்கி ஒரு வாரத்தில் வரச் சொல்வது
(ஈ) நடுக்கத்துக்கு புரோப்ரனலால் தருவது

ஆர்என் பழக்கம் (அ)வைத் தொடும். இந்தத் தாளில் மருந்து எழுதுபவர் நீங்கள்தான், தெரிவிப்பதற்கு மேலே யாரும் இல்லை. (ஈ) நுணுக்கமான பொறி. லித்தியத்தில் வழக்கமாக வரும் மெல்லிய விரல் நடுக்கத்துக்கு அது சரியான விடை. இங்கே உதறல் பெரியது, கூடவே தள்ளாட்டம். இது நச்சுத்தன்மை. விடை (ஆ).

தவறிய கேள்வி ஒவ்வொன்றையும் நோட்டில் மூன்று கட்டத்தில் ஒன்றில் போடுங்கள்: விஷயமே தெரியாது, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, பொறுப்பு யாருடையது என்பதில் தடுமாறினேன். மூன்றாவது கட்டம் நிரம்பினால் புத்தகத்தைத் திரும்பப் படித்துப் பலனில்லை.

மருந்துப்பெட்டி

மருந்துக் கேள்விக்கு நான் சொல்றேன். எல்லா மருந்துக்கும் எல்லா டோஸும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ரத்தப் பரிசோதனை கட்டாயமா உள்ள மருந்து, உயிருக்கு ஆபத்தான பக்கவிளைவு உள்ள மருந்து, வேறொன்றோடு சேர்ந்தா அளவு ஏறி இறங்குற மருந்து. இந்த மூணும் அடிவரைக்கும் தெரியணும்.

லித்தியம்: லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட். 1.5ஐத் தாண்டினா நச்சு. கடைசி டோஸ் முடிஞ்சு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுக்கணும், டோஸ் மாத்தினா சுமார் 5 நாள் கழிச்சுப் பார்க்கணும். காலையில மாத்திரை போட்டுட்டு நேரா லேபுக்கு வந்தவரின் அளவு உயர்ந்துதான் இருக்கும். அதை நச்சுன்னு நினைக்க வைக்கிறது ஒரு வகைக் கேள்வி. தொடங்கும் முன் சிறுநீரகம், டிஎஸ்ஹெச் (தைராய்டு), கர்ப்பப் பரிசோதனை, வயதானவருக்கும் இதய நோயாளிக்கும் இசிஜி. ஐபுபுரோஃபன் வகை வலிமாத்திரை, பேர் '-பிரில்' என்று முடியும் பிபி மாத்திரை, தயசைட் வகை நீர்மாத்திரை இதெல்லாம் அளவை ஏத்தும். உப்பைத் திடீர்னு குறைச்சாலும், வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலும் ஏறும். காபியை நிறுத்தினாலும் கொஞ்சம் ஏறும், காரணம் காஃபீன் லித்தியத்தை வெளியே தள்ளிட்டிருந்தது.

வால்ப்ரோயேட் (இதுவும் அடுத்த ரெண்டும் மனநிலையைச் சீராக்குற மருந்து): மில்லிலிட்டருக்கு 50 முதல் 125 மைக்ரோகிராம். கல்லீரல், பிளேட்லெட், கணையம். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண் என்று கேள்வி தொடங்கினாலே உஷாராகணும், சிசுவின் நரம்புக்குழாய் குறைபாடு. நோயாளி திடீர்னு மந்தமாகி, கல்லீரல் எண்கள் சரியா இருந்தா அமோனியா பார்க்கணும்.

கார்பமாசெபின்: 4 முதல் 12 மைக்ரோகிராம். தன் சிதைவைத் தானே வேகப்படுத்திக்கும், அதனால முதல்ல சரியா இருந்த அளவு சில வாரத்தில் இறங்கும். வெள்ளணு, சோடியம் ரெண்டும் குறையலாம். ஆசிய வம்சாவளின்னு கேள்வியில் வந்தா ஹெச்எல்ஏ-பி 1502 மரபணுச் சோதனையை முதல்ல செய்யணும், ஸ்டீவன்ஸ்-ஜான்சன் தோல் சிதைவு வர வாய்ப்பு அவங்களுக்கு அதிகம். 'ஆசிய'ன்னா சீனா, தாய்லாந்து மட்டும்னு நினைக்காதீங்க, இந்தியர்களும் அந்த எச்சரிக்கைக்குள்ள வர்றாங்க. நம்ம ஆட்களுக்கு மருந்து எழுதும்போதும் இது வேணும்.

லமோட்ரிஜின்: 25 மில்லிகிராம் 2 வாரம், 50 மில்லிகிராம் 2 வாரம், ஒரு வாரம் 100, பிறகு 200. வால்ப்ரோயேட் கூட இருந்தா ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25இல் தொடங்கி, எல்லாப் படியும் பாதி. கார்பமாசெபின் கூட இருந்தா 50இல் தொடக்கம். ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடை மாத்திரை லமோட்ரிஜின் அளவைக் குறைக்கும். ஒரு வாரம் மாத்திரையை விட்டவர் வந்தா பழைய 200ஐ எழுதக் கூடாது. மறுபடி 25இல் இருந்துதான். சொறி இல்லாம இத்தனை நாள் சாப்பிட்டாரேங்கிற நினைப்புதான் இந்தக் கேள்வியில் ஏமாத்துது.

க்ளோசபின் (சைக்கோசிஸுக்கான மருந்து): தொடங்க நியூட்ரஃபில் (ஒரு வகை வெள்ளணு) எண்ணிக்கை 1500க்குக் குறையாம இருக்கணும். பிறவியிலேயே எண்ணிக்கை குறைவா உள்ளவங்களுக்கு 1000. முதல் 6 மாதம் வாராவாரம், அடுத்த 6 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதாமாதம். பொதுவான நோயாளிக்கு 1000க்குக் கீழே வந்தா மருந்தை இடைநிறுத்தணும், 500க்குக் கீழே வந்தா நிறுத்தியே ஆகணும். ரத்தத்தை மட்டும் படிச்சுட்டு மலச்சிக்கலை விட்டுடாதீங்க. க்ளோசபின் குடலை அசையாம நிறுத்தி உயிரையே எடுக்கும். தொடங்கின முதல் சில வாரத்தில் நெஞ்சுவலி, காய்ச்சல், படபடப்பு வந்தா இதயத்தசை அழற்சியைத்தான் முதல்ல நினைக்கணும். 48 மணி நேரம் மருந்தை விட்டிருந்தா 12.5இல் இருந்து திரும்பத் தொடங்கணும்.

கார்த்திகைப்பூ

மருந்துப்பெட்டி, ரொம்ப நன்றி. ரெண்டு கேள்வி. சிகரெட்டை நிறுத்தினா க்ளோசபின் அளவு ஏறும்னு புத்தகத்தில் இருக்கு. அவருக்கு நிகோடின் பேட்ச் ஒட்டினா ஏறாம இருக்குமா? அடுத்தது, க்ளோசபின் ரெம்ஸ் (பாதுகாப்புக்காகக் கட்டாயமா பதிவு செய்ய வைச்ச) திட்டத்தையே எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க. தேர்வுக்கு எதைப் படிக்க?

மருந்துப்பெட்டி

பேட்ச் ஒட்டினாலும் ஏறும். கல்லீரலின் 1ஏ2 நொதியைத் தூண்டுறது புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்கள், நிகோடின் இல்லை. புகை நின்னா நொதி அடங்கும், க்ளோசபினும் ஓலன்சபினும் ரத்தத்தில் சேரும். புகை பிடிக்க அனுமதி இல்லாத வார்டில் சேர்த்த சில நாளில் நோயாளி தூங்கி வழியுறார், எச்சில் ஒழுகுதுன்னு கேள்வி வரும். நோய் முத்திடுச்சுன்னு ஒரு விடை இருக்கும், அதைத் தொடாதீங்க. அதே நொதியை ஃப்ளூவாக்சமின் பலமா அடக்கும், அதையும் இதோட சேர்த்தே படிச்சுடுங்க.

ரெம்ஸ் விஷயம்: 2025இல் எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அதை விலக்கிடுச்சு. பதிவு செய்யுறது, அறிக்கை அனுப்புறது போச்சு. நியூட்ரஃபில் பார்க்குற பழக்கம் போகலை, மருந்துக் குறிப்பில் அந்தக் கண்காணிப்பு அப்படியே இருக்கு. எண்களையும் இடைவெளியையும் படிங்க, பதிவு நடைமுறையை விட்டுடுங்க. பழைய கொஸ்டின் பேங்குகளில் ரெம்ஸ் பற்றிய கேள்வி இன்னும் கிடக்கும்.

பனங்கிழங்கு

நோயறிதல் பகுதிக்கு என்னுடைய யோசனை. டிஎஸ்எம் (மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) அளவுகோல்களை நோய் நோயாக மனனம் செய்யாதேங்கோ. ஒரு நீளமான தாளில் காலக்கோடு ஒன்று கீறி, எல்லா நோயையும் அதில் வையுங்கோ. வினாவில் நோயாளியின் அறிகுறி பல நோய்க்கும் பொதுவாகத்தான் இருக்கும், பிரித்துக் காட்டுவது காலம்தான்.

உளப்பிணி (சைக்கோசிஸ்) கோடு: 1 நாள் முதல் 1 மாதத்துக்குள் என்றால் குறுகிய உளப்பிணி, 1 முதல் 6 மாதம் ஸ்கிசோஃப்ரெனிஃபார்ம், 6 மாதமும் அதற்கு மேலும் ஸ்கிசோஃப்ரீனியா. மனநிலை அறிகுறி இல்லாமல் 2 வாரமாவது மாயத்தோற்றமோ பிரமையோ இருந்து, மிச்சக் காலத்தில் பெரும்பகுதி மனநிலைக் கோளாறும் இருந்தால் ஸ்கிசோஅஃபெக்டிவ். மனச்சோர்வு வந்தால்தான் குரல் கேட்கிறது என்றால் அது ஸ்கிசோஅஃபெக்டிவ் இல்லை, உளப்பிணி அறிகுறியுள்ள மனச்சோர்வு. இந்த இடத்தில் கனபேர் சறுக்குகிறார்கள்.

அதிர்ச்சிக் கோடு: 3 நாள் முதல் 1 மாதம் கடும் மன அழுத்தக் கோளாறு, 1 மாதம் தாண்டினால் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு). மனநிலைக் கோடு: ஹைப்போமேனியா 4 நாள், மேனியா 1 கிழமை. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் நாளை எண்ணத் தேவையில்லை, அது மேனியாதான். மனச்சோர்வு 2 கிழமை. நீடித்த மனச்சோர்வு பெரியவருக்கு 2 வருடம், பிள்ளைகளுக்கு 1 வருடம். 2022இல் வந்த திருத்தப் பதிப்பில் நீடித்த துயரக் கோளாறு சேர்ந்தது: பெரியவருக்கு இழப்பு நடந்து 12 மாதம், பிள்ளைகளுக்கு 6 மாதம்.

பிள்ளைகள் பகுதியை ஒருவரும் வடிவாகப் படிப்பதில்லை. பரீட்சை ஆயுள் முழுவதுக்குமானது, பிள்ளைகள் நிச்சயமாக வருவார்கள். கவனக்குறைவுக் கோளாறுக்கு 12 வயதுக்கு முன் அறிகுறி, இரண்டு இடங்களில். வீட்டில் மட்டும் குழப்படி, பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளை என்றால் முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும். ஸ்டிமுலன்ட் எழுதுமுன் குடும்பத்தில் இளவயதில் திடீர் இதய மரணம் நடந்ததா என்று கேட்பது, உயரம், நிறை, இரத்த அழுத்தம், நாடி. ஆட்டிசம் திரையிடல் 18 மாதத்திலும் 24 மாதத்திலும். மண்ணையோ சுவர்ப்பூச்சையோ தின்னும் பிள்ளைக்கு இரத்தத்தில் ஈயம் பார்ப்பது.

முதியவர்களில் மூன்றைப் பிரிக்கத் தெரிய வேண்டும்: டெலிரியம், டிமென்ஷியா, மனச்சோர்வு. நேற்று நன்றாக இருந்தவர் இன்று தடுமாறுகிறார், கவனம் வந்து வந்து போகிறது என்றால் டெலிரியம். சிறுநீர்த் தொற்றையும் புதிதாகச் சேர்த்த மருந்தையும் தேடுங்கோ. காட்சி மாயத்தோற்றம், பார்க்கின்சன் மாதிரி நடை, நாளுக்கு நாள் மாறும் தெளிவு மூன்றும் சேர்ந்தால் லூயி பாடி டிமென்ஷியா. அவருக்கு ஹாலோபெரிடோல் என்ற உளப்பிணி மருந்தைக் கொடுப்பது ஆபத்து.

நிலாமுற்றம்

வடகாற்று சொன்ன திட்டத்தில் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் நாளே கொஸ்டின் பேங்கைத் தொடுவது தவறு. ஒரே பேங்கை இரண்டு சுற்று போட்டதும் 85 சதவீதம் வரும். அது கேள்வி நினைவில் தங்கியதால் வரும் 85. தேர்வு வாரத்தில் தன் உண்மையான நிலை தெரியாமல் போய் உட்கார வேண்டியிருக்கும். பேங்கில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் பூட்டி வையுங்கள், கடைசி இரண்டு வாரத்துக்கு அதுதான் அளவுகோல்.

இன்னொன்று, செரடோனின் சிண்ட்ரோமும் (செரடோனின் மிகுதியால் வரும் நச்சுநிலை) என்எம்எஸ்ஸும் (உளப்பிணி மருந்தால் வரும் கடும் எதிர்விளைவு) எனக்கு இன்னும் குழம்புகிறது. அட்டவணையில் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஹாலோபெரிடோலும், செரடோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்தான செர்ட்ரலினும் இரண்டுமே சாப்பிடும் நோயாளியைக் கேள்வியில் கொடுத்தால் எதைப் பிடித்துக்கொண்டு பிரிப்பது?

வடகாற்று

பூட்டி வைக்கும் யோசனை என்னுடையதைவிட நல்லது, ஏற்றுக்கொள்கிறேன். முதல் நாள் 50 கேள்வியை மட்டும் வேறு இலவசத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

குழப்பத்துக்கு: காய்ச்சல், வியர்வை, குழப்பம், ஏறிய நாடி, நிலையில்லாத பிபி இரண்டிலும் உண்டு. அவற்றைக் கேள்வியிலிருந்து அடித்துவிடுங்கள். மிஞ்சுவதைப் பாருங்கள். நோயாளியின் காலைக் கையில் பிடித்துப் பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கிப் பிடித்தால், பாதம் தானாக டக் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறதா? அது க்ளோனஸ், செரடோனின். கூடவே முழங்கால் அனிச்சை துள்ளும், கண்மணி விரிந்திருக்கும், பேதி இருக்கும், மருந்து சேர்த்த அல்லது கூட்டிய 24 மணி நேரத்துக்குள் வந்திருக்கும். மாறாக, கையை மடக்கினால் ஈயக்குழாய் போல முழு வீச்சிலும் ஒரே கடினமாக இருக்கிறது, அனிச்சை மந்தம், பல நாளாக மெல்ல முற்றியது, சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) ஏகத்துக்கு ஏறியிருக்கிறது என்றால் என்எம்எஸ். இரண்டிலும் முதல் வேலை காரணமான மருந்தை நிறுத்துவது. பிறகுதான் என்எம்எஸ்ஸுக்கு டான்ட்ரோலின், புரோமோகிரிப்டின், செரடோனினுக்கு சைப்ரோஹெப்டடின். 'முதலில்' என்று கேட்ட கேள்விக்கு மாற்று மருந்தின் பெயரைத் தொட்டு மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

சட்டத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். டராசாஃப் வழக்கு, கலிஃபோர்னியா, 1976: குறிப்பிட்ட ஒருவருக்குத் தீங்கு செய்வேன் என்று நோயாளி சொன்னால் அந்த நபரைக் காக்கும் கடமை ரகசியக் காப்பை மீறும். யார் மீதென்று இல்லாத வெறும் கோபத்துக்கு இது பொருந்தாது. குழந்தை வதையில் சந்தேகம் போதும், நிரூபணம் தேடுவது உங்கள் வேலை இல்லை. 'பெற்றோரைத் தனியாக விசாரித்த பிறகு புகார்' என்ற விடை நியாயமாகத் தோன்றும், ஆனால் தவறு. முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்பதை நீங்கள் மதிப்பிடுகிறீர்கள். சட்டப்படியான தகுதியைத் தீர்மானிப்பது நீதிமன்றம். ஆங்கிலத்தில் முன்னது கெப்பாசிட்டி, பின்னது காம்பிடென்ஸ், அவசரத்தில் மாறிப்போகும்.

மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 வினாப்பட்டியலில் மொத்தம் 7தான், ஆனால் 9ஆவது கேள்விக்கு 'பல நாட்கள்' என்று குறித்திருக்கிறார் என்று ஒரு கேள்வி வந்தால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். தற்கொலை எண்ணத்தை நேராகக் கேட்டு மதிப்பிடுவதுதான் அடுத்த வேலை.

பனங்கிழங்கு

உளவழிச் சிகிச்சையில் பெயரையும் கருத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லைக்கோட்டு ஆளுமை, தன்னைத் தானே வெட்டிக்கொள்வது என்றால் லினஹனின் டிபிடி (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை). முக்கோணமாக்கல், தன்னைப் பிரித்துணர்தல் என்றால் போவன். குடும்பத்தில் யாருக்கு அதிகாரம், எல்லை எங்கே என்றால் மினுசின். குழுவில் 'எனக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் யாலம் சொன்ன பொதுமை. குடியை விட யோசிக்கவே இல்லை என்பவரிடம் சிகிச்சைத் திட்டம் பேசுவது பிழை. அவர் மனமாற்றத்தின் முதல் படியில் நிற்கிறார், ஊக்கமூட்டும் நேர்காணல்தான் பொருந்தும்.

கார்த்திகைப்பூ

நோட்டு நிறைஞ்சுடுச்சு, எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. ஒருவேளை தவறிட்டா என்ன ஆகும்? தேர்வு அன்னைக்கு மையத்தில் எதில் கவனமா இருக்கணும்?

பனங்கிழங்கு

தவறினால் 60 நாள் கழித்துத் திரும்ப எழுதலாம், 12 மாதத்துக்குள் மூன்று முறை வரைக்கும். தவறியவருக்கு எந்தப் பிரிவில் பலவீனம் என்று குறிப்புத் தருவார்கள். அதை வைத்து அடுத்த 60 நாளைப் பிரியுங்கோ, முதல் பக்கத்திலிருந்து தொடங்காதேங்கோ.

மையத்தில் இடையில் எழும்பிப் போனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த நிமிடங்களையும் கணக்கில் வையுங்கோ.

எல்லாவற்றுக்கும் முன்னம் பெயரைச் சரிபாருங்கோ. அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப் போகாவிட்டால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம். எங்கள் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு தாளில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொன்றில் வெறும் முதலெழுத்து, கலியாணத்துக்குப் பிறகு எடுத்ததில் கணவர் பெயர். பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்து, அமெரிக்க விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்தவர்களும் உண்டு. சாரதி அனுமதிப்பத்திரம், நர்ஸிங் லைசென்ஸ், அனுமதிக் கடிதம் மூன்றையும் இன்றைக்கே மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கோ. ஒரு எழுத்து பிசகினாலும் ஏஎன்சிசிக்கு எழுதித் திருத்தம் கேளுங்கோ, 8 கிழமை இருக்கும்போதே.

கார்த்திகைப்பூ

பார்த்துட்டேன் அக்கா. லைசென்ஸில் அப்பா பேர் முழுசா இருக்கு, கடிதத்தில் முதலெழுத்து மட்டும். இப்பவே எழுதுறேன்.